போர்டு போகவில்லை, ரேம்தான்

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அக்கா போன் செய்தாள். "தம்பி, லேப்டாப் ஓடுற சத்தம் கேக்குது, ஆனா ஒண்ணுமே தெரியமாட்டேங்குதுடா." பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பக்கத்துக் கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு, பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றிருக்கிறார்கள். பணம்கூட அவளுக்குப் பெரிதில்லை. ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் அதற்குள் இருந்தன. மறுநாள் காலையில் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.

கம்பெனி சின்னம்கூட வராமல் நிற்கிறது என்றால் விண்டோஸ் வரைக்கும் விஷயம் போகவே இல்லை என்று அர்த்தம். அதனால் விண்டோஸைத் திரும்பப் போடுகிற யோசனையை முதலிலேயே விட்டுவிட்டேன். சார்ஜரைக் கழற்றி, பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து சில நேரம் சரியாகிவிடும்; இதில் ஆகவில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தேன், அங்கேயும் இருட்டு. திரையை மட்டும் குறை சொல்ல முடியாது என்று தெரிந்தது.

அப்போதுதான் கேப்ஸ் லாக் விளக்கைக் கவனித்தேன். நீளமாக மூன்று முறை, குட்டையாக இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மறுபடியும் அதே கணக்கு. திரை வேலை செய்யாதபோது லேப்டாப் தன் நோயைச் சொல்லும் வழி அதுதான். மூன்று தடவை எண்ணி உறுதிசெய்துகொண்டு, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டை போனில் இறக்கிப் பார்த்தேன். மெமரி, அதாவது ரேமில் கோளாறு என்று போட்டிருந்தது. இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தங்கள் மாடலுக்கு உரியதைத்தான் பார்க்க வேண்டும்.

அடி மூடியைக் கழற்றியதும் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டேன். இதை மறந்து உள்ளே கை வைக்கவே கூடாது. அப்புறம் கோப்புகளெல்லாம் இருக்கும் எஸ்எஸ்டியை வெளியே எடுத்து, யுஎஸ்பி கேஸில் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். விண்டோஸ் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அதன் சாவியைக் கேட்டது: ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். நல்லவேளை, அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் படிக்க நான் தட்டினேன். ஆய்வேட்டுக் கோப்புறை திறந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வார்த்தை பேசாமல் போய் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

இனி நிதானமாக ரேமைப் பார்க்கலாம். 8 ஜிபி ஒன்று, 4 ஜிபி ஒன்று. பக்கத்திலுள்ள கிளிப்புகளை விலக்கியதும் ரேம் தானாகச் சாய்ந்து எழுந்தது. ஓரத்திலிருக்கும் தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டையும் திரும்ப மாட்டினேன். அதே மின்னல். சரி, ஒவ்வொன்றாகப் போவோம் என்று பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு 4 ஜிபியை மட்டும் வைத்தேன். மூன்று நீளம், இரண்டு குட்டை. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் 8 ஜிபியை வைத்தேன். திரை இருட்டாகவே இருந்தது, ஆனால் விளக்கு மின்னவில்லை. ரேமை மாற்றினால் முதல்முறை எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பது தெரிந்ததால் அணைக்காமல் காத்திருந்தேன். ஒரு நிமிடம் போல ஆகியிருக்கும், சின்னம் வந்தது.

பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்று பார்க்க 4 ஜிபியை அடுத்த ஸ்லாட்டில் தனியாக வைத்தேன். அங்கேயும் மின்னல்தான். அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

எஸ்எஸ்டியை மாட்டி, 8 ஜிபியோடு மூடினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டதில் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. ஞாயிறு காலையில் நான் எழுந்தபோது அக்கா ஆறாம் அத்தியாயத்தில் இருந்தாள். இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்தாயிற்று என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.