காலக்கோடு விக்கிக்கு உள்ளேயே இருக்கட்டும்

சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களின் வரலாற்றையும் இங்கே தமிழ் கணினிக்குள் வந்த கதையையும் சேர்த்துவைக்க, நண்பர்கள் சிலராகச் சேர்ந்து விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஒரு சின்ன விக்கி நடத்துகிறோம். அதன் முதல் பக்கத்தில் விரலால் இழுத்து நகர்த்துகிற, தட்டினால் விவரம் விரிகிற ஒரு காலக்கோடு வேண்டும் என்று எல்லாருக்குமே ஆசை. எதை வைத்துச் செய்வது என்று பேச ஆரம்பித்தால் பேச்சு அழகைப் பற்றித்தான் போகும். எனக்கு முக்கியமான கேள்வி வேறு: அதில் ஒரு தேதி தப்பாக இருந்தால், அதைக் கண்டுபிடித்த ஆளே அங்கேயே திருத்த முடியுமா?

எல்லாரும் முதலில் காட்டுவது டைம்லைன்ஜேஎஸ் என்ற காலக்கோட்டுக் கருவி. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் உருவாக்கியது. கூகல் ஷீட்டில் வரிக்கு ஒரு நிகழ்வாக எழுதிக்கொண்டே போனால் அதுவே படம், தலைப்பு, விளக்கம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதைப் பக்கத்தில் பொருத்த ஐஃபிரேம் (வேறொரு தளத்தைப் பக்கத்துக்குள்ளேயே காட்டும் சன்னல்) வேண்டும், மீடியாவிக்கி அதை இயல்பாக அனுமதிக்காது. பக்கத்தில் எந்த எச்டிஎம்எல் நிரலையும் அப்படியே எழுத விடுகிற ஒரு தெரிவு மீடியாவிக்கியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தொகுக்கிற விக்கியில் அதைத் தொடவே கூடாது, ஏனென்றால் யாரோ ஒருவர் எந்த ஜாவாஸ்கிரிப்ட்டையும் உள்ளே போட்டுவிட்டுப் போகலாம். விட்ஜெட்ஸ் என்ற நீட்சி (மீடியாவிக்கியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் மென்பொருள்) பரவாயில்லை: உரிமை உள்ளவர்கள் மட்டும் விட்ஜெட் என்ற நிரல் துண்டை எழுதுவார்கள், மற்றவர்கள் அதைப் பக்கத்தில் அழைத்துக்கொள்ளலாம். சரி, அப்படியே பொருத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். தரவு எங்கே இருக்கிறது? யாரோ ஒருவருடைய கூகல் கணக்கில். எங்கள் குழுவில் பழைய இதழ்களைப் பற்றி எல்லாரையும்விட அதிகம் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் 'தொகு' பொத்தானை அமுக்கினால் அவருக்குக் கிடைப்பது ஒற்றை வரி அழைப்பு மட்டும்தான். ஷீட்டில் யாராவது ஒரு தேதியை மாற்றினால் விக்கியின் வரலாற்றுப் பக்கத்தில் அதற்குச் சுவடே இருக்காது, எந்த ஆதாரத்தில் மாற்றினார் என்று உரையாடல் பக்கத்தில் கேட்கவும் வழியில்லை.

விக்கிப்பீடியாவில் 2004 முதல் இருக்கிற ஈசிடைம்லைன் நீட்சியில் இந்தப் பிரச்சினை இல்லை, தரவு பக்கத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் அது தருவது ஒரு படம். இழுக்க முடியாது, விரிக்க முடியாது. தமிழைப் படமாக வரைகிற மென்பொருளுக்குக் கொம்பும் துணைக்காலும் எழுத்தோடு சேரும் முறை தெரிந்திருக்கவும் வேண்டும், இல்லையென்றால் 'கொ' மூன்று துண்டாகிவிடும்.

நான் பரிந்துரைப்பது கார்கோ நீட்சியை. ஒவ்வொரு இதழின் பக்கத்திலும் விவரங்களை நிரப்புவதற்கான ஆயத்தக் கட்டம், அதாவது தகவல்பெட்டி வார்ப்புரு, எப்படியும் இருக்கப்போகிறது. அதில் நிரப்புகிற தொடக்கம், முடிவு, ஆசிரியர் எல்லாவற்றையும் கார்கோ ஓர் அட்டவணையில் சேமித்துவைக்கும், முதல் பக்கத்தில் ஒரு வினவல் (அட்டவணையிலிருந்து தகவலைக் கேட்கும் வரி) எழுதி வடிவம் 'டைம்லைன்' என்று கேட்டால் கோடு வந்து நிற்கும். வரைவதற்கு அது பயன்படுத்துவது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2006 வாக்கில் பிறந்த சிமிலி டைம்லைன். பழைய சரக்குதான், தோற்றத்திலும் தெரியும். ஆனால் ஆசிரியர் ஐயா இதழின் பக்கத்தில் ஓர் ஆண்டைத் திருத்தினால் கோட்டிலும் அது மாறிவிடும், வரலாற்றில் அவர் பெயரும் இருக்கும். எனக்கு அது போதும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. சி. கு. மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் 1887 முதல் 1890 வரை வந்தது, அதற்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதால் கோட்டில் ஒரு பட்டை விழுகிறது. கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு 1935 ஜூலை 6 முதல் இன்றுவரை வருகிறது, முடிவுத் தேதி கிடையாது, அதனால் அதற்கு விழுவது வெறும் புள்ளி. மூன்று ஆண்டு வந்த இதழ் நீளமாகத் தெரிகிறது, இன்றைக்கும் காலையில் வீட்டுக்கு வருகிற நாளிதழ் பொட்டாகத் தெரிகிறது. மாதிரியைப் பார்த்ததுமே ஐயா, "தம்பி, முரசு என்ன ஒரே நாளோட நின்னுபோச்சா?" என்று கேட்டார். 'இன்னும் வெளிவருகிறது' என்று வார்ப்புருவில் தனியாக ஒரு புலம் வைத்து, அது 'ஆம்' என்றால் நடப்பாண்டை முடிவாகக் கொடுக்கச் சொன்னால் பட்டை நீண்டுவிடும். அதுவும் முழு உண்மை ஆகாது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் முரசு நின்றுபோய், போர் முடிந்த பிறகுதான் மீண்டும் வந்தது. அந்த இடைவெளி கோட்டில் தெரியவே வேண்டும், எந்தப் பத்தியையும்விட அது அதிகம் சொல்லும். அதற்காக ஒரே இதழுக்கு இரண்டு பட்டை, அதாவது வெளிவந்த காலங்களுக்கென்று தனி அட்டவணை. கொஞ்சம் கூடுதல் வேலைதான், செய்யத் தகுந்த வேலை.

தேதியின் துல்லியத்தையும் கவனியுங்கள். ஆண்டு மட்டும் கொடுத்தால் கார்கோ அதை ஜனவரி 1 என்று சேமித்து, 'ஆண்டு வரைதான் தெரியும்' என்ற குறிப்பையும் கூடவே வைத்துக்கொள்ளும். கோட்டுக்கு அந்த வித்தியாசம் புரியாது, உண்மையான ஜனவரி 1ஐயும் வெறும் ஆண்டையும் ஒரே மாதிரிப் புள்ளியாகத்தான் வைக்கும். அதனால் ஆண்டு மட்டும் தெரிந்தவற்றுக்கு ஆண்டு முழுக்க நீளும் பட்டையாகக் கொடுப்பது நேர்மையானது என்பது என் கருத்து.

அப்புறம் நெரிசல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்தாண்டுக்கு ஓரிரு நிகழ்வுதான் எங்களிடம் இருக்கிறது, 1995க்கு வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்குமொழிக் கவிதைத் தளம், அதில் தமிழைத் திரையேற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1997 மே மாதம் இங்கே நடந்த தமிழ்நெட் 97 என்ற தமிழ் இணைய மாநாடு, 1999இல் கோவிந்தசாமியின் மறைவு, 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம். இந்தச் சில ஆண்டுகளைச் சுருக்கிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்று நாம் கைப்பேசியில் தமிழ் தட்டுவதற்கு முன்கதை அங்கேதான் இருக்கிறது. அவற்றுக்குத் தனிப் பக்கம், தனிக் கோடு, மாத அளவுகோல். முதல் பக்கக் கோட்டில் அங்கே செல்ல ஓர் இணைப்பு.

கடைசியாக, கோட்டுக்குக் கீழே அதே வினவலைச் சாதாரணப் பட்டியலாகவும் போடுங்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்ப்பவருக்கு அகலமான பட்டையை இழுப்பது சிரமம், திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு இழுக்கிற கோடு அநேகமாக உதவாது, அச்சிட்டுப் படிக்கிற பெரியவர்களும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ஆதாரத்துக்கு ஓர் இணைப்பு; பழைய முரசு இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருப்பதால் பலவற்றுக்கு அந்தந்த நாளின் பக்கத்துக்கே நேராக இணைப்புக் கொடுத்துவிடலாம்.