ஜூரி இல்லாத நாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அமெரிக்கத் தொடர் பார்க்கும் பிள்ளைகள், "மாமா, நம்ம கோர்ட்டில் ஜூரி எங்கே உட்காரும்?" என்று கேட்கிறார்கள். ஜூரி என்றால் தீர்ப்புச் சொல்ல உட்காரும் சாதாரண மக்கள் குழு. இங்கே அது கிடையாது. 1969இலேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள்.

இதன் வேர் இங்கிலாந்தில். 1166இல் இரண்டாம் ஹென்றி, ஊருக்குள் குற்றம் செய்தவர் யார் என்று பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்றார். அப்போது அவர்கள் குற்றம் சாட்டுபவர்கள்தான். தீர்ப்புக்குக் குற்றம் சாட்டப்பட்டவரைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடிக்க வைப்பார்கள். புண் எப்படி ஆறுகிறது என்று பார்ப்பார்கள். 1215இல் பாதிரிமார் இதில் கலந்துகொள்ளக் கூடாதென்று திருச்சபை தடுத்ததும், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மெல்ல ஊர்க்காரர்களிடம் வந்தது. 1670இல் லண்டனில் நீதிபதி கேட்ட தீர்ப்பைத் தராத ஜூரியைச் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்தார்கள். அவர்கள் மசியவில்லை. தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் பிறந்தது. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

அதே முறை கப்பலேறி இங்கே வந்தபோது நிலைமை வேறு. கரும்புத் தோட்டத்து நம் ஆட்களின் வழக்கைக் கேட்க உட்கார்ந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். தனக்குச் சமமானவர்கள் விசாரிக்க வேண்டும் என்பதுதானே ஜூரியின் உயிர்? அது போனபின் என்ன மிச்சம்? ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போது பெரிய வழக்குகளில் நீதிபதி இரண்டு அசெஸர்களை, அதாவது கூட உட்கார்ந்து வழக்கைக் கேட்கும் துணையாளர்களை, வைத்துக்கொள்ளலாம். 2014இல் ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸின் கொலை வழக்கில் நீதிபதி மசிபாவின் இருபுறமும் இருந்தார்களே, அவர்கள்தான். சட்டக் கேள்வி நீதிபதிக்கு. நடந்தது என்ன என்பதில் மூவருக்கும் சம ஓட்டு. அசெஸர்கள் இருவரும் ஒன்று சேர்ந்தால் நீதிபதியையே மீறலாம்.