எலும்பில் மாட்டும் செயற்கைக்கால்: எடைப் பயிற்சியைக் கடப்பது எப்படி

சாக்கெட் (மிஞ்சிய தொடையை நுழைக்கும் கிண்ணம்) இல்லாமல், தொடை எலும்பிலேயே செயற்கைக்காலைப் பொருத்தும் சிகிச்சை 1990-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் தொடங்கியது. பெர்-இங்வார் பிரோனெமார்க் பல் சிகிச்சைக்காக வளர்த்த டைட்டானிய முறையை அவர் மகன் ரிக்கார்ட் காலுக்குக் கொண்டுவந்தார். அங்கே உருவான ஓப்ரா முறையில் முதல் அறுவையில் எலும்புக்குள் டைட்டானியத் திருகு இறங்கும். ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, தோலுக்கு வெளியே நீளும் தண்டு. இரண்டையும்விடப் பொறுமையைச் சோதிப்பது அதன்பின் வரும், எலும்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றும் பயிற்சிதான்.

புண் ஆறியதும் முழுக்காலைத் தந்துவிட மாட்டார்கள். தண்டில் குட்டையான பயிற்சிக்கால் ஒன்றை மாட்டுவார்கள். உயரத்துக்கு ஏற்ற ஒரு பலகைமேல் வீட்டில் எடை பார்க்கும் தராசை வைத்து, நல்ல கால் தரையில் இருக்க, பயிற்சிக்காலைத் தராசில் ஊன்ற வேண்டும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கம்பி அவசியம். தொடக்கம் 20 கிலோ. வாரத்துக்கு 10 கிலோ கூடும். எலும்பு மெலிந்திருந்தால் பாதி வேகம். சட்டென்று சாய்ந்தால் முள் தாவிவிடும், அந்த ஒரு நொடியும் எலும்புக்குச் சுமைதான். அதனால் இடுப்பை மெல்ல நகர்த்தி எடையை இறக்குங்கள்.

'இன்னும் பத்துக் கிலோ தாங்குமே' என்று மனசு சொல்லும். தயவுசெய்து கேட்காதீர்கள். பல வருஷம் சுமையில்லாமல் இருந்த எலும்பு மெலிந்து பலவீனமாகிப் போயிருக்கும். சுமை ஏற ஏறத்தான் இறுகும். முந்தினால் திருகுக்கும் எலும்புக்கும் இடையிலான பிடிப்பு தளரும். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, அது ஐந்தைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். மறுநாளும் வலி மிச்சமிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். கைகொடுப்பது இந்தக் கணக்குதான்.

முழுக்கால் வந்ததும் ஊன்றுகோல் இரண்டோடு, நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் நடை. சாக்கெட்டின் மெத்தை இல்லாததால் அலைன்மென்ட் (செயற்கைக்கால் நேராகப் பொருந்தும் கோணம்) கொஞ்சம் பிசகினாலும் எலும்பிலேயே உறைக்கும். சகித்துக்கொண்டு நடக்காமல் செயற்கைக்கால் நிபுணரிடம் உடனே சொல்லுங்கள்.

தண்டு வெளிவரும் இடத்தைத் தினமும் மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்துவிடுங்கள். அங்கே சிவந்து நீர் கசிவது அடிக்கடி வரும். பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும். ஆனால் ஊன்றும்போது எலும்புக்குள் ஆழமாக வலித்தால் தோல் நன்றாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கீழே விழுந்தால் தண்டு வளையலாம். தண்டைப் பிடித்திருக்கும் சிறு திருகைக் கழற்றி, தண்டை மட்டும் மாற்றலாம். அளவுமீறி முறுக்கு விழுந்தால் விட்டுக்கொடுக்கும் பாதுகாப்புக் கருவியைத் தண்டுக்கும் காலுக்கும் நடுவே கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஓட்டம், குதிப்பு இரண்டும் வேண்டாம்.