ரிட்டர்ன் லைன் ஜில்லென்று இருந்தது, அதில்தான் ஏமாந்தேன்

என் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. கூடவே ஒரு கருகல் வாடை. என்ஜின் சூட்டு முள் எப்போதும் போல நடுவில் நின்றுகொண்டிருந்தது. அந்த முள் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலண்டின் சூட்டை மட்டும்தான் காட்டும், கியர்பாக்ஸுக்குள் ஆயில் வெந்துகொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டேன். உடனே ஆஃப் செய்யாதீர்கள். பம்ப் சுற்றினால்தான் ஆயில், ரேடியேட்டருக்குள் இருக்கும் அதன் கூலருக்குப் போய் ஆறி வரும்.

மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். "அளவெல்லாம் சரியா இருக்குண்ணே. கியர்பாக்ஸ் போச்சு, வேற மாத்திடலாம்." பார்த்தது என்ஜினை நிறுத்திவிட்டு. என் வண்டி மேனுவலில் தெளிவாகப் போட்டிருக்கிறது: ஆயில் சூடாக இருக்க வேண்டும், என்ஜின் ஓட வேண்டும், லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். (சில வண்டிகளில் நிறுத்திவிட்டுத்தான் பார்க்கச் சொல்வார்கள், அதனால் உங்கள் மேனுவலைப் பாருங்கள்.) வீட்டுக்கு வந்து அப்படிப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரல் குறைவு. வெள்ளைத் துணியில் துடைத்தேன், சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக வந்தது. கியர்பாக்ஸே போய்விட்டது என்று தீர்ப்பு சொன்ன மனிதர் அளவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

ஆயில் மாற்றியதில் பெரிய கதை இல்லை. ஒரே ஒரு விஷயம், கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைத் (பேன்) திறந்தால் பாதிகூட வராது, மிச்சம் என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். நடுவில் ஓட்டி ஓட்டி மூன்று முறை இறக்கி ஊற்றினேன். சிவப்பாக இருந்தால் போதும் என்று கிடைத்ததை ஊற்றாதீர்கள். டெக்ஸ்ரான் ரக ஆயிலும் சிவப்புதான், மெர்கான் ரகமும் சிவப்புதான், மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் ஆயில்.

அப்புறம் பேனில் ஒரு சென்சார் வைத்து டேஷ்போர்டில் மீட்டர் மாட்டினேன். இந்த வேலையிலேயே நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் நிம்மதி, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. என் மீட்டர் நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்ததற்கே 121 காட்டியது. நெரிசலில் ஏன் இவ்வளவு என்றால், மெதுவாகப் போகும்போது கன்வெர்ட்டர் லாக்கப் ஆகாது, அதாவது நழுவாமல் பூட்டிக்கொள்ளாது, உள்ளே ஆயில் நழுவிக்கொண்டே இருக்கும், அந்த நழுவல் முழுக்கச் சூடாகத்தான் மாறும். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறோமே, அதுவும் இதே கதைதான். நானும் பல வருடம் அதைச் செய்தவன்தான்.

சரி, தனியாக ஒரு கூலர் வாங்கி ஏசி கண்டென்சருக்கு முன்னால் மாட்டிவிடலாம் என்று இறங்கினேன். இங்கிருந்துதான் கோமாளித்தனம் ஆரம்பம். கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு லைன் போகும், ஒன்று சூடான ஆயிலைக் கொண்டுபோவது, இன்னொன்று திரும்பி வருவது. புதுக் கூலரை ரிட்டர்ன் லைனில்தான் இணைக்க வேண்டும். நான் கைக்கு எட்டிய லைனில் இணைத்துவிட்டேன். அது சூடான லைன். ஆயில் என் கூலரில் நன்றாக ஆறி, ரேடியேட்டருக்குள் போய், அங்கே இருக்கும் கொதிக்கிற கூலண்டிடம் மறுபடியும் சூட்டை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸுக்குத் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, மீட்டரில் 118. வெப்பமானித் துப்பாக்கியை ஒவ்வொரு லைனிலும் காட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அதோடு ஹோஸ். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்தது ஹீட்டருக்குத் தண்ணீர் போகிற ஹோஸ். ஒரு வாரத்தில் ஊறி, கொழகொழவென்று ஆகி, கிளாம்ப் ஓரத்தில் சொட்ட ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று அச்சிட்டிருக்கும் ஹோஸைத் தவிர எதையும் வாங்காதீர்கள். கூலரோடு வந்த பிளாஸ்டிக் டை வேறு, கண்டென்சர் தகடுகளுக்கு நடுவில் நுழைத்து இழுத்துக் கட்டுவது. வண்டி அதிர அதிர அது உராய்ந்து, தகடு பளபளவென்று தேய்ந்திருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு இரும்புப் பட்டையை வளைத்துச் சட்டத்தில் முடுக்கினேன்.

இப்போது லைன் சரி, ஹோஸ் சரி. ஓட்டிவிட்டு வந்து ரிட்டர்ன் லைனைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. எனக்கு ஒரே பூரிப்பு. கூலர் என்னமாய் வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். பேன் மீட்டர் மட்டும் 113-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. சென்சார்தான் பழுது என்று இரண்டு நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆயில் வேகமாக ஓடினால் ரிட்டர்ன் லைன் வெதுவெதுப்பாகவாவது இருக்க வேண்டும். ஜில்லென்று இருக்கிறது என்றால் ஆயில் அநேகமாக நகரவே இல்லை, கூலரிலேயே உட்கார்ந்து ஆறிப்போய் மெல்லக் கசிகிறது என்று அர்த்தம். ரிட்டர்ன் லைனைக் கழற்றி, அளவு போட்ட வாளியில் விட்டு, என்ஜினை ஐடிலில் ஓட்டிப் பார்த்தேன். 20 வினாடிக்கு ஒரு லிட்டர் வாக்கில் வர வேண்டும். ஒரு நிமிடத்தில் அரை லிட்டர்கூட வரவில்லை. (இந்தச் சோதனையை நீட்டாதீர்கள், கியர்பாக்ஸ் வறண்டுவிடும். வந்த அளவுக்குப் புது ஆயிலை ஊற்றிவிடுங்கள்.) ரேடியேட்டருக்கு முன்னால் லைனைக் கழற்றி அதே சோதனையைச் செய்தேன், திபுதிபுவென்று கொட்டியது. ஆக, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, அடைப்பு ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரில்.

கிளீனர் விட்டு அலசிப் பார்த்தேன், சரியாகவில்லை. ரேடியேட்டரையே மாற்றினேன். பழைய வண்டிக்கு இது வீண் செலவு இல்லை. உள்ளே இருக்கும் கூலர் அரித்து ஓட்டை விழுந்தால் கூலண்டும் ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி நுரைத்து வரும், அந்தத் தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும். அப்போது மெக்கானிக் சொன்ன தீர்ப்பு உண்மையாகிவிடும்.

கழற்றிய பழசை அறுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விரல் கனமுள்ள குழாய்க்குள் கறுப்பு மசி, பழைய தார் போல, நடுவில் பென்சில் முனை போகிற அளவு ஓட்டை. இவ்வளவு நாளும் ஆயில் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

போன வாரம் அதே மேட்டில் ஏறினேன். ஓவர்டிரைவை (மேலான கடைசி கியர்) ஆஃப் செய்துவிட்டேன், ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டிருந்தால் அதற்கே தனிச் சூடு. உச்சியில் மீட்டர் 94. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசான ஒரு உதறல் மட்டும் இன்னும் இருக்கிறது. வெந்துபோன நாட்களின் மிச்சம் போல.