டென்பீஸ் சரிவில் நீலப் பட்டாம்பூச்சி தேடிய கதை: மூன்று நடை முடிந்தது

மே கடைசியில் முதல் நடை. இங்கிலாந்தின் சர்ரேயில், டோர்கிங் ஊருக்கு மேலே தெற்குப் பார்த்த குன்றுச் சரிவுதான் டென்பீஸ் ஹில்சைடு. கீழே வெள்ளை வெளேரென்று சாக் என்ற சுண்ணாம்புப் பாறை, மேலே ஒப்புக்குக் கொஞ்சம் மண். சத்தில்லாத மண் என்பதால் எந்தப் புல்லும் ஓங்கி வளர்ந்து மற்றதை அமுக்க முடியாது, அதனால்தான் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்வரை முளைக்கின்றன. நான் போனது அடோனிஸ் புளூ என்ற நீலப் பட்டாம்பூச்சிக்காக. நீலமாகப் பறந்ததையெல்லாம் படமெடுத்துத் தள்ளி, வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூட அது இல்லை! அடோனிஸுக்கு இறக்கையின் வெள்ளை ஓரத்தைக் கறுப்புக் கோடுகள் வெட்டிக்கொண்டு போகும். என்னிடம் இருந்தவை அத்தனையும் சுத்த வெள்ளை ஓரம், காமன் புளூ என்ற வேறு வகை.

ஜூனில் பூச்சியை விட்டுவிட்டுச் செடியைத் தேடினேன். அடோனிஸ் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் இலையைத் தவிர வேறெதையும் தொடாது. தொல்லை என்னவென்றால் பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயில் என்ற இன்னொரு செடிக்கும் அதே மஞ்சள் பூ, பக்கத்துப் பக்கத்திலேயே வளர்கிறது. இலையைப் பார்க்க வேண்டும்: வெட்சுக்குப் புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், நுனியில் மட்டும் ஒற்றை. அந்தச் செடி அடர்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அடோனிஸ் வந்துவிட்டது. மயில் கழுத்து நிறத்தை எதிர்பார்த்திருந்தேன், இது அதைவிட வெளிர், ஆனால் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் நீலம்.

மாடு மேய்ந்து புல் ஒட்ட வெட்டியதுபோல் கிடந்ததைப் பார்த்து முதலில் எரிச்சல்தான். அப்புறம் படித்தால், புல் குட்டையாக இருந்தால்தான் தரை சூடாகுமாம், அங்கேதான் இது முட்டையிடும். 1953-இல் மிக்ஸமடோசிஸ் நோய் வந்து முயல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, கடிக்க ஆளில்லாமல் புல் ஓங்கி, இந்தப் பூச்சி பல குன்றுகளில் காணாமலே போயிருக்கிறது. புழுவுக்கு எறும்புகள் காவல் வேறு, அது சுரக்கும் இனிப்புக்காக.

ஆகஸ்டில் சாக்ஹில் புளூ என்ற இன்னொரு நீலப் பட்டாம்பூச்சியும் சேர்ந்துகொண்டது. வெள்ளி கலந்த வெளிர் நீலம், ஆண் பூச்சிகள் சாணத்தில் மொய்க்கின்றன, நானும் அதன் பக்கத்தில் குப்புறப் படுத்துத்தான் படம் எடுத்தேன்.

பெண் பூச்சிகள்தான் இன்னும் பிடிபடவில்லை. இரண்டு வகையும் பழுப்பு. பின்னிறக்கை ஓரப் புள்ளிகளைச் சுற்றி நீலச் செதில் இருந்தால் அடோனிஸ், வெள்ளை என்றால் சாக்ஹில். சரி, செதிலே உதிர்ந்த கிழப் பூச்சியை என்ன செய்வது? பன்னிரண்டு படங்கள் ‘தெரியாது’ ஃபோல்டரில் கிடக்கின்றன.