தெருக் குழாய்க்குள் போன எங்கள் போர்வெல் தண்ணீர்: கடலூரில் ஒரு வீட்டுக் குழாய்களைச் சரிசெய்த கதை

காலையில் மாநகராட்சித் தண்ணீர் திறந்ததும் வரும் முதல் குடங்கள் உப்புக் கரிக்கின்றன என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பிடிக்கும் தண்ணீரில் அதே பருப்பு குழைந்துவிடும். "பைப்பு எங்கயோ ஒடஞ்சிருக்கு தம்பி, உப்புத் தண்ணி உள்ள எறங்குது" என்பார். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கடலோர ஊர், நிலத்தடி நீர் உப்பு, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த உப்பு எங்கள் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பது 2024 டிசம்பரில்தான் தெரியவந்தது.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைபுரண்ட நாள்கள் அவை. ஆறு எங்கள் தெருவுக்குள் வரவில்லை. ஆனால் மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் தோட்டத்தில் தேங்கி நின்றது. அது வடிந்த கையோடு வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது என்றேன். "பல் தேய்க்கிறது, காய் கழுவுறது, தட்டு அலசுறது எல்லாம் எதுல?" என்று திருப்பிக் கேட்டார். அதெல்லாம் சமையலறைக் குழாயில்தான். ஆர்.ஓ. இருந்தால் போதும் என்று நம்பியிருக்கும் வீடுகளுக்கு அந்த ஒரு கேள்வியையே நானும் வைக்கிறேன்.

எங்கள் வீட்டுக் குழாய் அமைப்பு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பார்க்கிற அமைப்புதான். மாநகராட்சி லைன் வாசலில் நுழைந்து முற்றத்துக் குழாய்க்கும் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்கும் பிரிகிறது. சம்ப்பிலிருந்து சிறு மோட்டார் வழியாகச் சமையலறைக்கு நல்ல தண்ணீர் போகிறது. போர் தண்ணீர் சப்மெர்சிபிளில் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து குளியலறைக்கும் தோட்டத்துக்கும் இறங்குகிறது. இரண்டும் தனித்தனி என்று வீட்டை வாங்கும்போது சொன்னார்கள். ஆனால் முற்றத்துக் குழாயில் எந்த நேரம் திறந்தாலும் தண்ணீர் வரும். தெருவில் தண்ணீர் வராத மத்தியானத்தில் அது எங்கிருந்து வருகிறது?

மலிவாகக் கிடைக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்று போதுமாக இருந்தது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். காலையில் நன்றாக ஓடவிட்டுப் பிடித்த தெருத் தண்ணீர் 380 காட்டியது. மாடித் தொட்டியின் போர் தண்ணீர் 1650. மத்தியானம் முற்றத்துக் குழாயிலும் 1650. சம்ப்பில் 700க்குப் பக்கம். 380 வந்து நிரம்புகிற இடத்தில் 700 இருக்கிறது என்றால் அங்கே உப்புத் தண்ணீர் கலந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தப் பேனாவுக்குக் கிருமி தெரியாது, கரைந்த உப்புதான் தெரியும். ஆனால் நம்மைப் போன்ற கடலோர ஊரில் போர் உப்பாகவும் தெருத் தண்ணீர் நல்லதாகவும் இருப்பதால், எது எங்கே கலக்கிறது என்பதை அந்த உப்பே காட்டிக்கொடுக்கிறது.

குழாய் வேலை செய்யும் அண்ணன் வந்து முற்றத்துச் சிமென்ட்டைக் கொத்தினார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வழியாக மாநகராட்சிக் குழாயில் இணைந்திருந்தது, நடுவில் துரு ஏறிய ஒரே ஒரு கேட் வால்வு. எப்போதும் முற்றத்தில் தண்ணீர் வேண்டும் என்று எப்போதோ யாரோ போட்டது. அந்த வால்வு இறுக்கி மூடியபடிதான் இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. "உள்ள தகடு தேஞ்சு போச்சு சார், இதை மூடுனாலும் ஒண்ணுதான் தொறந்தாலும் ஒண்ணுதான்" என்றார்.

இப்படி இரண்டு வகைத் தண்ணீர் தொட்டுக்கொள்ளும் இடம்தான் எல்லாவற்றுக்கும் வேர். மாடித் தொட்டி தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ. தெருவில் தண்ணீரை நிறுத்தியபின் அந்தக் குழாயில் அழுத்தமே இல்லை. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம், எந்தப் பக்கம் குறைவு என்பது மட்டுமே தண்ணீருக்குத் தெரியும், இது வீட்டுக்கு வரும் குழாய், இது தெருவுக்குப் போகும் குழாய் என்றெல்லாம் தெரியாது. இரவு முழுக்கத் தேய்ந்த வால்வு வழியாக எங்கள் போர் தண்ணீர் கசிந்து, கொஞ்சம் சம்ப்புக்கும் கொஞ்சம் தெருக் குழாய்க்கும் போயிருக்கிறது. காலையில் தண்ணீர் திறந்ததும் அது முதலில் போய்ச் சேர்ந்தது பெரியம்மாவின் குடத்தில்.

அழுத்திச் செல்வது ஒரு வழி, உறிஞ்சப்படுவது இன்னொரு வழி. தெருவில் தண்ணீரை நிறுத்தும் நேரத்தில், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை அடைத்துவிட்டு, முற்றத்துக் குழாயைத் திறந்து அதன் வாயில் ஈரத்துணியை வைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணன். துணி உள்ளே இழுபட்டது. பள்ளமான பக்கம் தண்ணீர் வடியும்போது மேட்டில் இருக்கும் குழாய்கள் காற்றை இழுக்கின்றன. அந்த நேரத்தில் குழாயில் மாட்டிய ஹோஸின் மறுமுனை துணி ஊறும் வாளியில் கிடந்தால், அந்த வாளித் தண்ணீரும் தெருக் குழாய்க்குள் போகும். கழிப்பறையில் இருக்கும் கைபீச்சியை வாளிக்குள் போட்டு வைத்தாலும் இதே கதைதான். எங்கள் சம்ப்பிலும் இதே ஆபத்து இருந்தது. உள்ளே வரும் குழாயை, விழும் சத்தம் கேட்காமல் இருக்க, அடித்தரை வரை நீட்டித் தண்ணீருக்குள் முழுக விட்டிருந்தார்கள்.

இதைப் பற்றிப் பேசும்போதுதான் அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் அங்கே இதற்கென்றே ஏற்பாடு இருப்பதைச் சொன்னான். பல ஊர்களில் தோட்டத் தெளிப்பான் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் கருவி பொருத்தி, உரிமம் பெற்றவரைக் கொண்டு ஆண்டுதோறும் அழுத்தமானி வைத்துச் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்தக் கண்டிப்புக்குக் காரணமான நிகழ்வுகள் இருக்கின்றன. 1969இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் விளையாட்டுக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்குக் கல்லீரல் அழற்சி தொற்றியது. பக்கத்தில் தீயணைக்கத் தண்ணீர் எடுத்ததில் குழாய் அழுத்தம் விழுந்து, மைதானத்துக்குத் தண்ணீர் விடும் குழிகளில் தேங்கியிருந்த அசுத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டின் மீதிப் போட்டிகளையே அவர்கள் கைவிட்டார்கள். அங்கே எப்போதாவது விழும் அழுத்தம் நம் தெருவில் தினமும் விழுகிறது. அதனால்தான் இது நமக்கு இன்னும் அவசரமான விஷயம் என்று நினைக்கிறேன்.

குழாயில் கைவைக்குமுன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, பொதுமக்களும் கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். உப்பு, கடினத்தன்மை பார்க்கச் சுத்தமான கேனில் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கு அது ஆகாது, கிருமி நீக்கிய தனி பாட்டில் வேண்டும். தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்க அதற்குள் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள், ஆகவே அலசக் கூடாது. குழாய் முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் கை படாமல், கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். தெருத் தண்ணீர், சம்ப், மாடித் தொட்டி மூன்றிலும் தனித்தனியாக எடுத்தோம். இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். ஒரே இடத்தில் எடுத்தால் கெடுதல் எங்கே நுழைகிறது என்று தெரியாது, பழி தெருக் குழாய் மேல் போய்விடும்.

முடிவில் தெருத் தண்ணீர் சுத்தம், அதில் எஞ்சிய குளோரினும் இருந்தது. மாடித் தொட்டியிலும் சம்ப்பிலும் ஈ.கோலி, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் கிருமி. சம்ப்பில் குளோரின் துளியும் இல்லை. ஐ.எஸ். 10500 என்ற நம் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி அறவே இருக்கக் கூடாது, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். உப்பைப் பொறுத்தவரை எங்கள் போர் தண்ணீர் அதே தரத்தின் வெளி எல்லையான 2000க்குள்தான் இருந்தது. செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் போர், அதன்மேல் தேங்கிய மழைநீர். வந்த வழி தெளிவாகிவிட்டது.

டீயில் புது வால்வு போட்டுவிடலாம், முற்றத்தில் தண்ணீர் வராமல் கஷ்டப்படுவீர்கள் என்றார் அண்ணன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த வால்வும் ஒரு நாள் தேயும். இணைப்பை வெட்டி இரண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டோம். போர் தண்ணீருக்கு முற்றத்தில் தனிக் குழாய் வைத்து அதன் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம்.

அடுத்தது சம்ப். உள்ளே வரும் குழாயை வெட்டி, தண்ணீர் அதிகபட்சம் ஏறி வழியும் மட்டத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வெறும் காற்று இடைவெளி வேண்டும். தேய்வதற்கோ அடைப்பதற்கோ ஒன்றுமில்லாத தடுப்பு இது ஒன்றுதான். நாங்கள் 2 அங்குலம் விட்டோம். அழுத்தம் குறைவு, தூக்கினால் தண்ணீர் ஏறாது என்று அண்ணனுக்குச் சந்தேகம். தண்ணீர் வரும் நேரத்தில் ஹோஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், முழங்கால் உயரம் தாராளமாக ஏறியது. இப்போது தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சம்ப்பின் வாயையும் செங்கல் வைத்து உயர்த்தினோம், அடுத்த மழைக்கு முற்றத்துத் தண்ணீர் உள்ளே போகாது.

வாசலில் லைன் நுழையும் இடத்தில் ஸ்பிரிங் வைத்த பித்தளை என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) ஒன்று போட்டோம். வாங்கும்போது மேலே உள்ள அம்புக்குறியைப் பாருங்கள், அது வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டால்தான் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும், ஒரு மணல் துகளோ டெஃப்லான் நூலோ சிக்கினாலே அது முழுதாக மூடாது. தெரு வால்வுக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் வைக்கச் சொன்னேன். அதுதான் சோதனைக் குழாய். தெரு வால்வை மூடி, முற்றத்துக் குழாயோடு ஒரு ஹோஸை மாட்டி, தண்ணீர் நிறைந்த மறுமுனையை மாடிக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இப்போது சோதனைக் குழாயைத் திறந்தால் கொஞ்சம் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் என்.ஆர்.வி. கசிகிறது. சம்ப்புக்குப் போகும் வால்வை இந்தச் சோதனையின்போது மூடி வைக்க வேண்டும்.

கடைசியாகக் கிருமி நீக்கம். 5000 லிட்டர் சம்ப்புக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் 250 கிராம் குளோரின் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பிளீச்சிங் பவுடரின் வீரியம் குறைந்துபோகும், 25 சதவீதம் என்று கணக்கு வைத்து ஒரு கிலோ எடுத்தோம். வாளியில் கரைத்து, கசடு படிந்தபின் தெளிவை மட்டும் மேலிருந்தே ஊற்றினோம். சம்ப்புக்குள் யாரையும் இறக்கவில்லை, மூடிய தொட்டியில் காற்று எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆர்.ஓ. இணைப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக் குழாய்களில் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பினோம். மாடித் தொட்டிக்கும் இதே வைத்தியம். ஆனால் போரே கெட்டிருந்ததால் அந்தத் தண்ணீரைச் சமையலுக்குத் தொடுவதில்லை.

சில நாள் விட்டுத் திரும்பக் கொடுத்த மாதிரியில் சம்ப்பில் ஈ.கோலி இல்லை, டி.டி.எஸ். 390. பெரியம்மா வீட்டில் முதல் குடமும் 380 காட்டியது.

தெருக் கோடியில் ஒரு வீட்டில் மாநகராட்சிக் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். அது ஓடும் நேரத்தில் தெரு முழுக்கக் குழாயில் வெற்றிடம் உண்டாகி, சாக்கடை ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு கசிவு வழியாகவும் அழுக்குத் தண்ணீர் உள்ளே வரும். எங்கள் என்.ஆர்.வி. எங்கள் வீட்டுத் தண்ணீர் வெளியே போவதைத் தடுக்குமே தவிர, இப்படி வெளியிலிருந்து வரும் அழுக்கைத் தடுக்காது. சோதனை முடிவுத் தாள்களை எடுத்துக்கொண்டு பெரியம்மாவும் நானும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் பேசப் போகிறோம்.