முழங்காலுக்கு மேலே ஒரு படி

கொழுக்குமலைக்கு நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை சூரிய உதயத்தைப் பார்த்தது நானும் என் கணவரும் மகளும்தான். அம்மாவும் அத்தையும் மதுரையிலிருந்து கூடவே வந்து, சூரியநெல்லியில் ஜீப் நிற்கும் இடம் வரை வந்து, அங்கிருந்து அறைக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களை நிறுத்தியது அந்த ஜீப்பின் முதல் படி.

அம்மாவுக்கு 71 வயது. உயரம் நாலே முக்கால் அடி. அத்தை அவரைவிட ஓர் அங்குலம் குறைவு. இரண்டு பேருமே வீட்டில் சும்மா உட்கார்கிறவர்கள் இல்லை. அம்மா இன்றும் அழகர்கோவில் வெயிலில் வெறுங்காலோடு நடப்பார். ஆனால் அதிகாலை நாலு மணி இருட்டில், பனியில், இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரு வண்டிக்குள் ஏறுவது வேறு காரியம்.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழுக்குமலை தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, தேனி மாவட்டம். கீழே குரங்கணி தெரியும், போடி தெரியும். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகக் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப் பிடித்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே போகும் பாதை அது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். தார் கிடையாது. பானை அளவுக் கற்கள், மழைநீர் அரித்த பள்ளம், ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் குழியிலுமாகப் போகும் வளைவுகள். சாதாரணக் கார் முதல் அரை கிலோமீட்டரிலேயே அடிவயிறு தட்டி நின்றுவிடும்.

அதனால்தான் அந்த ஜீப்புகளைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது முறை வந்த ஓட்டுநர் தம்பி இதைப் பொறுமையாக விளக்கினார். பட்டை ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் மேலே உள்ள உடல் மட்டும்தான் உயரும். அச்சுக்கு நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே டிஃப்ரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி, அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கல்லில் முதலில் அடிபடுவதும் அதுதான். அது உயர வேண்டுமென்றால் பெரிய டயர் போட வேண்டும். பெரிய டயர் உள்ளே உரசாமல் சுழல இடம் வேண்டும், அதற்காக உடலையும் தூக்க வேண்டும். இப்படி ஒன்றுக்காக ஒன்று உயர்ந்து, கடைசியில் படியும் உயர்ந்துவிடுகிறது. பாதைக்கு அது தேவைதான். ஆனால் கைப்பிடி, படி எல்லாமே ஐந்தே முக்கால் அடி ஆளை மனதில் வைத்தே இருக்கின்றன. உயரம் குறைந்தவர் எதை எட்டிப் பிடிப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் முறை நடந்தது இன்னும் மனதில் இருக்கிறது. அம்மா படியைப் பார்த்துத் தயங்கி நின்றார். வண்டியோடு வந்த சின்னப் பையன், பதினெட்டு வயது இருக்கும், சட்டென்று ஒரு காலை மடக்கி மண்ணில் ஊன்றி, "என் தொடையில கால வச்சு ஏறுங்கம்மா" என்றான். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான், அத்தனை அன்பாகச் சொன்னான். அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். "வேண்டாம் சாமி. உன் மேல கால் வைக்க மாட்டேன்" என்றார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அம்மா அசையவில்லை. எனக்கு அன்றைக்கு எரிச்சல் வந்தது உண்மை. பிறகு யோசித்தால் அம்மா செய்ததுதான் சரி. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் அவருடையது. ஒரு பிள்ளையின் தொடையை மிதித்து ஏறித்தான் சூரியனைப் பார்க்க வேண்டுமா?

அத்தை முயன்று பார்த்தார். மேலேயிருந்து ஒருவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், கீழேயிருந்து நான் தள்ளினேன். பாதி தூரத்தில் அத்தை "ஐயோ" என்று கையை விடுவித்துக்கொண்டார். தோளில் பிடிப்பு. மதுரை திரும்பிய பிறகு அது ஆற மூன்று வாரம் ஆனது. தள்ளிய கைகளில் இரண்டு என்னுடையவை.

என் நாத்தனார் பிசியோதெரபிஸ்ட். தோளைப் பார்த்ததுமே, எப்படி இழுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். வயதானவர்களை மணிக்கட்டையோ அக்குளையோ பிடித்துத் தூக்கவே கூடாதாம். உடல் எடை முழுவதும் தோள் மூட்டில் தொங்கும். ஏறுகிறவர் அசையாத ஒன்றைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். உதவுகிறவர் பின்னால் ஒரு பக்கமாக நின்று, இடுப்புக்கு அருகே கை வைத்திருந்தால் போதும். பிடிமானம் தேவைப்பட்டால் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளலாம். மருத்துவமனைகளில் நோயாளியை நடக்க வைக்கும்போது அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் ஒன்று சொன்னார், அது எனக்கு மறக்காது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

இரண்டாவது முறை கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையை ஆரம்பித்தேன். சூரியநெல்லிக்குப் போன் செய்து, அந்த ஓட்டுநர் தம்பியிடம் படியின் உயரத்தை அளந்து சொல்லச் சொன்னேன். முன்பக்கப் படி தரையிலிருந்து 22 அங்குலம். பின்பக்கம் 24. அம்மாவை நிற்க வைத்து அளந்தேன், முழங்கால் 16 அங்குலத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் 7 அங்குலம். ஆக, அம்மாவை நாங்கள் மூன்று படியை ஒரே எட்டில் ஏறச் சொல்லியிருக்கிறோம்.

பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுபோகலாம் என்றார் என் கணவர். ஈர மண்ணில் அதன் கால்கள் ஒன்று புதையும், ஒன்று புதையாது, ஓரத்தில் மிதித்தால் கவிழும். அதனால் எங்கள் தெரு ஆசாரியிடம் ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னேன். உயரம் 9 அங்குலம். மேற்பலகை ஒன்றரை அடிக்கு ஒரு அடி, இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கிற அளவு. அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிடக் கொஞ்சம் அகலம். மேலே பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்தோம், வழுக்காமல் இருக்க. பக்கத்தில் துளை போட்டு ஒரு பருத்திக் கயிறு கட்டினோம். கடைசி ஆள் ஏறியதும் உள்ளேயிருந்தே பெட்டியை மேலே இழுத்துக்கொள்ளலாம். இந்தக் கயிறு ஆசாரியின் யோசனை.

9 போக மீதி 13 அங்குலம் இருக்கிறதே என்று கவலையாக இருந்தது. அதை ஓட்டுநர் தம்பி தீர்த்தார். ஜீப் நிற்கும் இடத்தில் பாதையோரம் மண் திட்டு ஒன்று இருக்கிறது. வண்டியின் இடது பக்கம் அதை ஒட்டி வருகிற மாதிரி பின்னால் எடுத்து நிறுத்தினார். தரையே ஐந்து அங்குலம் உயர்ந்துவிட்டது. மீதி 8, வீட்டுப் படி மாதிரிதான். செலவில்லாத வித்தை. என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கல்லும் வைத்தார்.

அம்மா புடவைதான் கட்டுவேன் என்றார். சரி, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ரப்பர் செருப்புக்குப் பதில் கேன்வாஸ் ஷூ. ஸ்வெட்டருக்கு மேலே இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினேன். என் மகள் டார்ச் அடித்தாள். முதலில் பாட்டியின் முகத்துக்கு அடித்துவிட்டாள், கண் கூசியது. பிறகு பெட்டி மேலேயே வெளிச்சம் விழும்படி பிடித்தாள்.

அம்மாவுக்கு இடது முழங்கால்தான் வலி. இரண்டு காலையும் பெட்டி மேல் வைத்து நின்று, ஒரு மூச்சு விட்டார். இடது கையால் முன்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பி, வலது கையால் சீட்டின் முதுகு. வலது கால் படிக்கு. இடது கால் உள்ளே. திரும்பி உட்கார்ந்துவிட்டார். நான் துண்டைப் பிடித்திருந்தேன், இழுக்கவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

பின்பக்கம் அத்தைக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அங்கே பிடிக்க இருப்பது கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய் ஒன்றுதான். அத்தை கையை நீட்டினாலும் அதற்கு ஒரு சாண் கீழேதான் நின்றது. அந்தக் குழாயில் பழைய சீட்பெல்ட் பட்டையை இரட்டையாகக் கட்டி, வளையம்போல் அவர் மார்பு உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார் தம்பி. தோள் உயரத்துக்கு மேலே கையைத் தூக்காமலே அத்தை அதைப் பற்றிக்கொண்டு ஏறினார். அவரைக் கடைசியில் உட்கார வைக்காதீர்கள், பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் தூக்கிப் போடும் என்று தம்பி சொல்லி, முன்சீட்டை ஒட்டிய இடத்தில் உட்கார வைத்தார்.

பெட்டிக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்பது போகும் வழியில்தான் தெரிந்தது. உயரம் குறைந்தவர்களுக்கு ஏறி உட்கார்ந்த பிறகும் தொல்லை விடுவதில்லை. கால் தரையில் படாது. கால் ஊன்றாமல் அந்தப் பாதையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குலுக்கலும் நேராக இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். அத்தை கால் அந்தரத்தில் ஆடியதைப் பார்த்துப் பெட்டியைக் கவிழ்க்காமல் அப்படியே அவர் பாதத்துக்கு அடியில் நகர்த்தினேன். அது நகராமல் இருக்க என் காலால் அணை கொடுத்தேன். அம்மாவுக்கு முன்னால் துணிப்பையைச் சுருட்டி வைத்தோம். அதன் பிறகுதான் இருவரும் பேசவே ஆரம்பித்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு. காற்று காதை அறுத்தது. இறங்குவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஏறுவதற்கே தயார் செய்கிறோம். இறங்கும்போது கீழே பார்த்தபடி, முகம் வெளியே பார்க்க இறங்கினால் உடல் முன்னால் சரியும், குதிக்கத் தோன்றும். ஏணியிலிருந்து இறங்குகிற மாதிரி வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆனால் அப்போது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. நான் கீழே குத்தவைத்து, அம்மாவின் கணுக்காலைப் பிடித்து, "இன்னும் நாலு விரல்... இன்னும் ரெண்டு... இதோ பெட்டி" என்று சொல்லிச் சொல்லி வைத்தேன். வலிக்கிற இடது கால் முதலில். அந்த இடம் சரிவு, பெட்டி ஆடியது. தட்டையான கல் ஒன்றை அடியில் செருகி, நானே ஏறி மிதித்துப் பார்த்த பிறகுதான் அம்மாவை இறங்கச் சொன்னேன்.

ஆறேகால் வாக்கில் கிழக்கே கோடு கிழித்த மாதிரி சிவந்தது. கீழே தேனிச் சமவெளி முழுக்க மேகம். மேகத்துக்கு மேலே நாங்கள். சூரியன் எழுந்ததும் அம்மா கை கூப்பினார், அத்தையும். நான் சூரியனைப் பார்க்கவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் விலகிய இடத்தில் ஊர் தெரிந்ததும் அம்மா, "அது போடியா?" என்று கேட்டார். அம்மா பிறந்தது போடிக்குப் பக்கத்துக் கிராமம். சிறுவயதில் கீழேயிருந்து தினமும் இந்த மலையை அண்ணாந்து பார்த்தவர், 71 வயதில் மேலேயிருந்து ஊரைப் பார்க்கிறார். வெகு நேரம் பேசவில்லை.

தேயிலைத் தொழிற்சாலை பக்கம் போய்ச் சூடாகத் தேநீர் குடித்தோம். ஆங்கிலேயர் காலத்து எந்திரங்கள் இன்னும் ஓடுகிற இடம் அது. அங்கே கொழுந்து எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா, இடுப்பில் படங்கு என்கிற சாக்குத்துணி கட்டியிருந்தார், அம்மா அளவுதான் உயரம். எங்கள் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்து, "இது எங்க வாங்குனீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைக் கைகாட்டினார்.

கீழே இறங்கியதும் தம்பி பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் வண்டியில் வாரம் ஒரு பாட்டியாவது வருவதாகவும், பாதிப் பேர் படியைப் பார்த்தே திரும்பிவிடுவதாகவும் சொன்னார். "அளவு மட்டும் எழுதிக் குடுங்கக்கா" என்றார். அம்மா அதற்குள் கயிற்றைச் சுற்றி, பெட்டியை எடுத்து அவருடைய சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

ஆசாரியிடம் இன்னொரு பெட்டி சொல்லியிருக்கிறேன். இந்த முறை மேற்பலகையை இரண்டு அங்குலம் அகலமாக்கி, பக்கத்துக்கு ஒரு கைப்பிடித் துளையும் வைக்கச் சொன்னேன். அடுத்த மாதம் அத்தையின் தங்கையும் எங்களோடு வருகிறார். அவர் இவர்கள் இருவரையும்விடக் குள்ளம்.